ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத் தோப்பில் போன் சிக்னல் எடுப்பதில்லை. வாக்கி-டாக்கி வாங்கினால் 6 கிலோமீட்டர் எட்டுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வீடு ஒடுகத்தூரில். மாந்தோப்பு 6 கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில். காய்க்கிற மாதங்களில் அப்பா ராத்திரி காவலுக்குப் போகிறார். அங்கே எந்த போனும் எடுக்காது. ஆன்லைனில் "30 கிலோமீட்டர் வரை" என்று போட்ட ஒரு ஜோடி வாக்கி-டாக்கி பார்த்திருக்கிறீர்கள். அதில் நீளமான ஆன்டெனா மாட்டினால் போதுமா என்பது கேள்வி.

நான் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கான ஹாம் ரேடியோ உரிமம் வாங்கிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. வேலூரைச் சுற்றி மலை இல்லாத திசை குறைவு என்பதால், நீங்கள் சொல்லும் பிரச்சினையோடுதான் இத்தனை வருஷமும் பழகியிருக்கிறேன். 6 கிலோமீட்டர் முடியக்கூடிய தூரம்தான். ஆனால் செட்டுக்கு ஒரு ரூபாய் செலவழித்தால் ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் இரண்டு ரூபாய் செலவழிக்கத் தயாராக இருங்கள்.

அந்த 30 கிலோமீட்டரைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஏலகிரி உச்சியில் ஒருவரும் கீழே வெட்டவெளியில் ஒருவரும் நின்றால் எட்டும். வாக்கி-டாக்கி அலை ஏறக்குறைய நம் பார்வை போலத்தான் போகும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அந்த ஆன்டெனா எத்தனை கிலோமீட்டர் வரை 'பார்க்கும்' என்று வரும். கையில் பிடித்த செட் 1.5 மீட்டர் உயரம் என்றால் 5 கிலோமீட்டர். இரண்டு பேருக்கும் சேர்த்து 10. அதுவும் வற்றிய ஏரி மாதிரி குறுக்கே ஒன்றுமே இல்லாத சமதரையில். நடுவில் வீடுகளும் தென்னையும் மேடும் வந்துவிட்டால் 2 கிலோமீட்டர் கிடைத்தாலே நல்ல செட் என்பேன். அதே சமயம் வீட்டுப் பக்கத்து ஆன்டெனாவை மட்டும் 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிப் பாருங்கள்: 13 கூட்டல் 5, ஆக 18 கிலோமீட்டர் ஆகிறது.

தொடுவானத்துக்கு உள்ளேயும் உயரம் உதவும். சமதரையில் ஆன்டெனா உயரத்தை இருமடங்காக்கினால், செட்டின் பவரை நான்கு மடங்காக்கியதற்குச் சமமான பலன் கிடைக்கும். 2 மீட்டரிலிருந்து 8 மீட்டருக்குப் போனால் பதினாறு மடங்கு. 5 வாட் செட்டை வைத்துக்கொண்டு 80 வாட் வேலை வாங்கலாம், பேட்டரியும் தீராது.

இனி சட்டம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பேசக்கூடிய வாக்கி-டாக்கி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குவது. குறைந்த பவர், ஆன்டெனா உடம்போடு சேர்ந்தே வரும், கழற்றி வேறு மாட்ட வழியிருக்காது. 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சிட்டிசன் பேண்டும் இருக்கிறது, 5 வாட் வரை. அதன் அலைநீளம் 11 மீட்டர் என்பதால் கையடக்கச் செட்டுக்கு ஒத்துவராது, நம் பக்கம் அதை வைத்திருப்பவர்களையும் நான் பார்த்ததில்லை. மற்றபடி ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற, எந்த அலைவரிசையும் போட்டுக்கொள்ளலாம் என்கிற 5 வாட் செட்டுகளை உரிமம் இல்லாமல் இயக்குவது குற்றம். அலைவரிசையும் உரிம விவரமும் சொல்லாமல் விற்பது பெருகிப்போய், 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. ஆகவே செட்டின் விவரத்தில் அலைவரிசை எண் எழுதியில்லை என்றால் வாங்காதீர்கள்.

இன்னொரு வழி ஹாம் உரிமம். 12 வயது நிறைந்த யாரும் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற தொடக்க நிலைக்கு மோர்ஸ் (தந்திக் குறியீடு) தேவையில்லை. விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில். இதில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையும், 434 முதல் 438 வரையும் நமக்குக் கிடைக்கும், வெளி ஆன்டெனாவை உயரத்தில் கட்டலாம். இரண்டு நிபந்தனைகளைக் கவனியுங்கள்: பேசுகிற இருவரிடமும் உரிமம் இருக்க வேண்டும், மாங்காய் வியாபாரம், கூலிக் கணக்கு எல்லாம் அதில் பேசக்கூடாது. அப்பாவைத் தேர்வுக்கு உட்கார வைப்பது கஷ்டமாகத் தோன்றலாம். என்னோடு தேர்வு எழுதியவர்களில் அறுபது தாண்டிய ஒரு மெக்கானிக் இருந்தார். எங்கள் எல்லோரையும் விட நன்றாக எழுதினார்.

நான் இதற்குள் வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பரில் அந்தமானில் ஹாம் நிலையம் அமைக்கப் போயிருந்தார் பாரதி பிரசாத். 26ஆம் தேதி சுனாமி அடித்து எல்லாத் தொடர்பும் அறுந்தபோது, போர்ட் பிளேரில் விடுதியில் வைத்திருந்த அந்த நிலையத்திலிருந்துதான் அவரும் குழுவினரும் செய்திகளை வெளியே அனுப்பினார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் நான் புத்தகத்தைத் தேடினேன்.

உரிமம் வந்ததும் நான் செய்த முதல் தப்பு, 50 வாட் செட் வாங்கியது. நண்பர் ஒருவர் அடுக்கம்பாறையில், நடுவில் மலை. பவர் இருந்தால் மலையைத் தாண்டிவிடும் என்று நம்பினேன். மொட்டை மாடியில் ஆன்டெனா, கீழ் அறையில் செட், நடுவே ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கோஆக்ஸ் கேபிள் 25 மீட்டர். நண்பருக்கு என் குரல் இரைச்சலுக்குள் எங்கேயோ கேட்டது. பிறகு கணக்குப் போட்டேன். 145 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிள் 25 மீட்டருக்குள் பாதிக்கும் மேல் பவரைத் தின்றுவிடும். 435இல் இன்னும் மோசம். அனுப்பும்போது மட்டுமல்ல, வருகிற மெல்லிய சிக்னலையும் அதே கேபிள்தான் தின்கிறது. செட்டில் எத்தனை வாட் இருந்தாலும் அது காதுக்கு உதவாது.

கனமான ஆர்.ஜி.213 நல்லது, விலை கூடுதல். அதற்கு முடியாவிட்டால் டிஷ் டிவிக்குப் போடும் ஆர்.ஜி.6 கேபிளைப் பயன்படுத்துங்கள். கேபிளின் இம்பீடன்ஸ் (அலைக்குக் காட்டும் மின்மறுப்பு) 50 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 75 ஓம் என்பதால், பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதற்கான அளவான எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 வாக்கில் காட்டும். அதில் திரும்பி வருவது நூற்றுக்கு 4 பங்குதான். 5 வாட்டுக்கு அது தாராளம். அதன் பின்னல் அலுமினியம், பற்றவைப்பு ஒட்டாது; எஃப் கனெக்டர் போட்டு அடாப்டர் வழியாக மாட்ட வேண்டும்.

மலை விஷயம் சுவாரஸ்யமானது. அடுக்கம்பாறைக்கு நேரே ஆன்டெனாவைத் திருப்பியபோது கிடைக்காத தொடர்பு, ஒருநாள் யாகி என்கிற, ஒரு திசையை நோக்கும் ஆன்டெனாவை வேறொரு மலைப் பாறையின் பக்கம் திருப்பி வைத்தபோது கிடைத்தது. கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி, அலை பாறையில் பட்டு நண்பரிடம் போயிருக்கிறது. சின்ன வயதில் அப்பா மாடியில் நின்று மெட்ராஸ் தூர்தர்ஷனுக்காக டிவி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே "தெரியுதா? தெரியுதா?" என்று கத்துவார், கீழிருந்து நாங்கள் பதில் கத்துவோம். அந்த மீன்முள் ஆன்டெனாதான் யாகி. ஒரே வித்தியாசம், டிவிக்குக் கம்பிகள் படுத்திருக்கும். வாக்கி-டாக்கிக்கு நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒருவருடைய ஆன்டெனா நின்றும் மற்றவருடையது படுத்தும் இருந்தால் சிக்னல் பெருமளவு விழுந்துவிடும். கையில் செட்டைச் சாய்த்துப் பிடித்துப் பேசுவதும் அதே தப்புதான்.

உங்களுக்கு முதலில் யாகி வேண்டாம். கால் அலைநீள ஆன்டெனா ஒன்றை நீங்களே செய்யலாம். 300ஐ அலைவரிசையால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 145க்கு ஏறக்குறைய 2.07 மீட்டர், அதில் கால் பங்கு எடுத்து, கம்பிக்காக 5 சதவீதம் கழித்தால் 49 சென்டிமீட்டர். கேபிளை மாட்டுவதற்கான எஸ்.ஓ.239 சாக்கெட் ஒன்று வாங்குங்கள். வேலூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். வெல்டிங் பட்டறையில் 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி ஐந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கம்பியின் நுனியை அரத்தால் தேய்த்து, சாக்கெட்டின் நடுக் குழிக்குள் இறக்கிப் பற்றவையுங்கள். நடுக்கம்பியை 51 சென்டிமீட்டரில் வெட்டி வையுங்கள், குறைப்பது பிறகு. சாக்கெட்டின் நான்கு மூலைத் துளைகளில் மற்ற நான்கு கம்பிகள், அதே நீளத்தில், வளைத்த நுனியோடு நட்டு போல்ட் போட்டு. அந்த நான்கையும் குடைக்கம்பி போல 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். மட்டமாக விட்டால் ஆன்டெனாவின் இம்பீடன்ஸ் 36 ஓம் பக்கம் நிற்கும். சாய்த்தால் 50க்கு அருகே வரும். அப்புறம் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை மாட்டி, நடுக்கம்பியை 2, 3 மில்லிமீட்டராகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். முள் 1.5க்குக் கீழே இறங்கியதும் நிறுத்துங்கள். முதல் முறை எனக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. சாயங்காலம் அதே 5 வாட் கைச் செட்டில் மாட்டிப் பேசியபோது, 50 வாட்டில் என் குரல் இரைச்சலாகவே எட்டிய அந்த நண்பரின் குரல், அவர் பின்னால் அடித்த பிரஷர் குக்கர் விசில் வரை தெளிவாகக் கேட்டது.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு வேலை உண்டு. கனெக்டர் வாயில் நீர் இறங்கினால் கேபிள் செத்துவிடும். ஒரு வருஷம் வெட்டிப் பார்த்தபோது உள்ளே செம்புப் பின்னல் கரிபோலக் கறுத்து, தொட்டால் உதிர்ந்தது. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே சாதா இன்சுலேஷன் டேப் போடுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். ஆன்டெனாவைத் தாங்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைக் கனமான கம்பியால் எர்த் செய்யுங்கள். இடி கேட்பதற்கு முன்பே, மேகம் திரளும்போதே, கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். மின்கம்பி ஓடுகிற பக்கம் பைப்பை நிமிர்த்தவே நிமிர்த்தாதீர்கள். பைப் சாய்ந்தால் கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும்.

உங்கள் இடத்துக்கு நான் செய்வதாக இருந்தால், முதலில் 446 செட் ஒரு ஜோடி வாங்கிச் சோதிப்பேன். நீங்கள் மொட்டை மாடியில், அப்பா தோப்பில் மோட்டார் ரூம் மேல். மாவிலைக்கு நடுவே நின்று பேசக்கூடாது, ஈர இலை இந்த அலையை உறிஞ்சும். கேட்காவிட்டால் ஓரடி, இரண்டடி நகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மலைப்பாறை எதிரொலியில் சில இடம் செத்த இடமாக இருக்கும், பக்கத்திலேயே உயிருள்ள இடமும் இருக்கும். அந்த இடத்தில் ஒரு கல் நட்டுவிடலாம். எட்டிவிட்டால் வேலை அதோடு முடிந்தது. எட்டாவிட்டால் உரிமத் தேர்வுக்கு இருவரும் பெயர் கொடுங்கள். அதற்குள் நான் இன்னொரு நண்பரோடு வந்து, எங்கள் உரிமத்தில், 145இல் எங்கே ஆன்டெனா நிறுத்தினால் எட்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று மட்டும் பார்த்துக் கீழே எழுதுங்கள்: மோட்டார் ரூம் மேல் ஏறி நின்றால் ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரிகிறதா?