ஒரே சாக்குச் சுருளில் இருவர்

சித்திரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் சிநேகிதனும் யாழ்ப்பாண நகருக்குள் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, சேர்ந்திருந்து வரையப் போகிறோம். ஓவியர்கள் வான்கோவும் கோகனும் இப்படித்தான் தொடங்கி அடிபட்டுப் பிரிந்தார்கள் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். அவர்கள் எங்கே பிழை விட்டார்கள்?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: காசு விஷயத்தில் அவர்கள் பிழை விடவில்லை. அதை முதலில் படியுங்கள்.

தெற்குப் பிரான்சின் ஆர்ள் நகரில் வின்சென்ற் வான்கோ எடுத்திருந்த மஞ்சள் வீட்டுக்கு போல் கோகன் 1888 ஒக்டோபர் 23ஆம் திகதி வந்து சேர்ந்தார். வின்சென்ற்றுக்கு 35 வயது, கோகனுக்கு 40. இருவருக்கும் படியளந்தவர் பாரிஸில் ஓவிய வணிகம் பார்த்த வின்சென்ற்றின் தம்பி தியோ. கோகனுக்கு மாதம் 150 பிராங். பதிலுக்கு அவர் மாதம் ஒரு ஓவியம் கொடுக்க வேண்டும். கோகன் வந்த கையோடு இரண்டு பெட்டிகள் வைத்தார். ஒன்று சாப்பாட்டுக்கு. மற்றது வாடகை, புகையிலை, வெளிச்செலவுகளுக்கு. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும். எடுத்தவர் எடுத்ததை எழுத வேண்டும், அவ்வளவுதான். சமையல் கோகன், கடைக்குப் போவது வின்சென்ற். ஒருநாள் வின்சென்ற் சூப் வைத்தார். வாயில் வைக்க முடியவில்லை என்று கோகன் எழுதியிருக்கிறார். அதன் பிறகு அந்த வேலைப் பங்கீடு மாறவில்லை.

பிழை வீட்டின் அமைப்பில் இருந்தது. கோகனின் அறைக்கு வின்சென்ற்றின் படுக்கையறைக்குள்ளால்தான் போகலாம். கீழே இருவருக்கும் ஒரே வேலைக்கூடம். வெயில் நாளில் வயல்வெளிக்குப் போய்ப் பக்கத்துப் பக்கத்தில் வரைந்தார்கள். மழை பிடித்ததும் இருவரும் அந்த ஒரு கூடத்துக்குள் அடைபட்டார்கள். ஒருவர் தீட்டுவதை மற்றவர் நாள் முழுக்கப் பார்க்கிறார், பேசுகிறார். பேச்சு முடிந்தால் தலை சார்ஜ் இறங்கிய பற்றரிபோல ஆகிவிடுகிறது என்று வின்சென்ற்றே தம்பிக்கு எழுதினார்.

ஆகவே மேல்மாடி பார்க்கும்போது வாடகையைக் கேட்கமுன் கதவுகளை எண்ணுங்கள். ஒருவருடைய அறைக்குள்ளால் மற்றவர் போகவேண்டி இருந்தால் அந்த வீடு வேண்டாம். உங்களுக்கும் ஐப்பசி, கார்த்திகை மழை உண்டு. இரண்டு சட்டந்தாங்கிகளையும் முதுகுக்கு முதுகாக, வேறு வேறு யன்னலைப் பார்த்து வையுங்கள். ஆளுக்கொரு விளக்கு, ஆளுக்கொரு டேர்பன்ரைன் போத்தல். முடியாத படத்தைப் பற்றி, வரைகிறவர் கேட்டாலொழிய, மற்றவர் வாய் திறக்கக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் முதல்நாளே பேசி முடிவெடுங்கள்.

கேள்வி: அவர்கள் சாக்கில் வரைந்தார்கள் என்பது உண்மையா? நாங்களும் வரையலாமா?
– பருத்தித்துறை வாசகர்

பதில்: உண்மை. கோகன் ஆர்ளில் 20 மீற்றர் முரட்டுச் சணல் துணியை ஒரு சுருளாக வாங்கினார். இருவரும் அதிலிருந்தே வெட்டி எடுத்தார்கள். வின்சென்ற் வரைந்த இரண்டு கதிரைகள், இப்போது தோக்கியோவில் இருக்கும் சூரியகாந்தி, வின்சென்ற் சூரியகாந்தி வரைவதாகக் கோகன் தீட்டிய படம், எல்லாம் அந்தச் சுருளின் துண்டுகள். கோகனுக்குச் சணல் வாய்த்தது. அவர் மெல்லியதாகப் பூசுபவர், இழை தெரிய வேண்டும் என்று விரும்பியவர். வின்சென்ற் தடிப்பாக அப்புபவர். அவருடைய கீற்றைச் சணல் இழை இடைமறிக்கும். அந்தப் படங்களில் நிறம் அகலமாகப் பரவி நிற்பதற்குத் துணியும் ஒரு காரணம்.

நீங்கள் செய்வதானால் உரச்சாக்கை எடுக்காதீர்கள், அது பிளாஸ்ரிக் பின்னல். அசல் சணல் சாக்கைத் தேடி எடுங்கள். சணலை நூற்கும்போது மில்லில் எண்ணெய் விடுவார்கள். புதுச்சாக்கின் மண்ணெண்ணெய் வாசம் அதுதான். அதோடு பூசினால் பூச்சு ஒட்டாது. தையலைப் பிரித்து, கொதிநீரில் சவர்க்காரத் தூள் போட்டு இரண்டு தரம் அலசி, வெயிலில் காயவிட்டு, ஈரப்பதம் கொஞ்சம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். சுருங்கும், ஆகவே 18க்கு 24 அங்குலச் சட்டத்துக்கு நாலு பக்கமும் 3 அங்குலம் கூட விட்டு, அலசிய பிறகே வெட்டுங்கள். ஆணியை மூலையில் தொடங்கக் கூடாது. நாலு பக்கத்தின் நடுவிலும் ஒவ்வொன்று அடித்து, அங்கிருந்து மூலைக்குப் போங்கள். இல்லாவிட்டால் இழை வளைந்து நிற்கும்.

பிறகு மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசை 1 பங்கு, தண்ணீர் 3 பங்கு கலந்து முன்பக்கம் ஒரு பூச்சு. ஒருநாள் காயவிட்டு இன்னொன்று. இந்தப் பசைப் பூச்சுத்தான் உயிர்நாடி. இதை விட்டால் ஆளிவிதை எண்ணெய் இழைக்குள் இறங்கும். எண்ணெய் காயக் காயப் புளிப்பேறி நாரை அரிக்கும். சில வருடத்தில் துணி பொரித்த அப்பளம்போல நொறுங்கும். பசை தடித்தாலும் வெடிக்கும். அதற்கு மேல் அக்ரிலிக் வெள்ளைப் பூச்சு மூன்று தரம். முதல் பூச்சைத் தூரிகையால் அல்ல, தட்டையான தகட்டால் இழை இடுக்குகளுக்குள் அழுத்தி வழியுங்கள். சுவர்ப் பெயின்ற் பூசிச் சிக்கனம் பார்க்காதீர்கள்; சுண்ணாம்புபோல உதிரும்.

மாரியில் சணல் ஈரம் உறிஞ்சித் தொய்யும், பங்குனி வெயிலில் முறுகும். தொய்யும்போது சட்டத்தின் மூலை ஆப்பைத் தட்டி இறுக்க அவசரப்படாதீர்கள். மாட்டும்போது சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டி, சுவரிலிருந்து அரை அங்குலம் தள்ளி வையுங்கள். பூஞ்சணம் பிடிப்பது பின்பக்கத்தில்தான். இவ்வளவும் செய்தாலும் சணல் நீண்டகாலத் துணி அல்ல. பேரப்பிள்ளை பார்க்கவேண்டிய படம் என்றால் பருத்திக் கன்வஸே எடுங்கள்.

கேள்வி: உயர்தர வகுப்புச் சித்திரத்துக்குப் படிக்கிறேன். இருவருக்கும் வேலையில் என்ன வித்தியாசம், ஒரு படத்தை வைத்துச் சொல்வீர்களா?
– கோப்பாய் மாணவி

பதில்: இரண்டு கதிரைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1888 நவம்பரில் வின்சென்ற் தீட்டியவை. தன் கதிரை: மஞ்சள் மரம், புல் பின்னிய இருக்கை, பகல் வெளிச்சம். இருக்கையில் பைப்பும் புகையிலைப் பொட்டலமும். பின்னால் ஒரு பெட்டியில் முளைவிட்ட வெங்காயம். பெட்டியில் ‘வின்சென்ற்’ என்று கையெழுத்து. கோகனின் கதிரை: கைபிடி வைத்தது, இரவு, பச்சைச் சுவரில் காஸ் விளக்கு, இருக்கையில் இரண்டு நாவலும் எரியும் மெழுகுதிரியும். கண்ணெதிரே இருப்பதைப் பிடித்து வரைகிறவர் ஒருவர், வாசித்து நினைத்து மனசிலிருந்து வரைகிறவர் மற்றவர் என்று வின்சென்ற்றே சொல்லிவிடுகிறார். இரண்டுமே ஆளில்லாக் கதிரைகள்.

கோகன் சொல்லி வின்சென்ற்றும் நினைவிலிருந்து வரைந்து பார்த்தார். ‘எட்டன் தோட்டத்து நினைவு’ என்ற ஓவியம் அப்படி வந்தது. ஆனால் அவர் கை அந்தப் பாதையில் தரிக்கவில்லை. கோப்பிக்கடைக்கார மரி ஜினூ அம்மா வரைவதற்காக வந்து உட்கார்ந்தபோது, ஒருமணி நேரத்தில் தீட்டி முடித்தேன் என்றார் வின்சென்ற். கோகன் அதே அமர்வில் கரியால் ஒரு கோட்டுச் சித்திரம் எடுத்து, ஆறுதலாக அதைத் தன் கோப்பிக்கடை ஓவியத்துக்குள் வைத்தார். பரீட்சையில் இந்த ஒரு அமர்வை எழுதினாலே போதும்.

கேள்வி: வான்கோவின் காதை அறுத்தது கோகன்தானாமே?
– நல்லூர் வாசகர்

பதில்: 2009இல் இரண்டு ஜேர்மன் ஆய்வாளர்கள் கோகனின் வாள் என்றார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. 1888 டிசெம்பர் 23 இரவு வின்சென்ற் தானே சவரக் கத்தியால் அறுத்தார் என்பதற்கே சான்று அதிகம். வைத்தியர் பெலிக்ஸ் ரே பின்னாளில் வரைந்து காட்டிய படத்தின்படி, மடலின் சிறு நுனி தவிர முழுக்காதும் போயிருந்தது. தெருவில் வின்சென்ற் தன்னைக் கத்தியோடு துரத்தினார் என்று கோகன் சொன்னது 1903இல். சம்பவம் நடந்த சில நாட்களில் அவர் நண்பருக்குச் சொன்ன கதையில் கத்தி இல்லை. முதலில் சொன்ன கதையையே அதிகம் நம்பலாம்.

கேள்வி: பிறகு பகையாகவே இருந்தார்களா?
– கோண்டாவில் வாசகர்

பதில்: இல்லை. நேரில் மட்டும் மறுபடி சந்திக்கவில்லை. கடிதம் போய்வந்தது. 1889 தொடக்கத்திலேயே கோகன், சூரியகாந்தியில் ஒன்றைத் தா என்று கேட்டெழுதினார். 1890இல் வின்சென்ற், கோகன் விட்டுச்சென்ற அந்தக் கரிச் சித்திரத்தை வைத்தே ஜினூ அம்மாவைத் திரும்பத் திரும்பத் தீட்டினார். ‘இது உன்னுடையதும் என்னுடையதுமான வேலை, நாம் சேர்ந்து உழைத்த மாதங்களின் சாரம்’ என்ற கருத்தில் கோகனுக்கு எழுதினார். அதே வருடம் யூலை 29இல் இறந்தார்.

கோகன் பசிபிக் தீவான தகித்தியிலிருந்து பிரான்சுக்கு எழுதிப் பூவிதைகள் அனுப்பச் சொன்னார். 1901இல் சூரியகாந்திப் பூக்களை ஒரு கைபிடிக் கதிரையின்மேல் வைத்து வரைந்தார்.