கேமராவின் பெயரும் பிடித்திருக்கும் கையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்யாண வீடுகளில் படம் எடுத்தே வாழ்ந்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது சாயங்கால வேளைகளில் ஓடிடியில் அமெரிக்க, கொரியத் தொடர்கள் பார்க்கிறேன். யாராவது கேமராவைக் கையில் எடுத்தால் போதும், ரிமோட்டை அழுத்தி நிறுத்திவிடுவேன். என்ன கம்பெனி, எந்த மாடல், கதை நடக்கும் வருடத்தில் அது கடைக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த காட்சிக்குப் போக மனம் வரும். “கதையை விட்டுட்டு கேமராவையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்களே” என்று மனைவி கோபப்படுகிறார். போன வாரம் பார்த்த கொரியத் தொடரில் கேமராவின் பெயர் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அமெரிக்கத் தொடர்களில் பெயர் பளிச்சென்று தெரிகிறது. இந்தக் கேமராக்களை யாராவது யோசித்துத்தான் எடுக்கிறார்களா, இல்லை கிடங்கில் கிடைத்ததைக் கொடுத்துவிடுகிறார்களா? நான் செய்வது வெட்டி வேலையா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

வெட்டி வேலை இல்லை. நடிகர்கள் கையில் எடுக்கும் பொருள்களைத் தேடிக் கொடுப்பதற்கென்றே படப்பிடிப்புக் குழுவில் ஆள் உண்டு. கிடங்கில் இருந்ததை எடுத்துக் கொடுத்து முடிக்கும் தொடர்களும் இருக்கின்றன. ஆனால் அக்கறையாக எடுக்கப்பட்ட தொடரில் ஒருவர் கையில் இருக்கும் கேமரா, அவர் வாய் திறந்து சொல்லாத பலவற்றைச் சொல்லிவிடும். கையில் எவ்வளவு காசு புழங்குகிறது, தொழிலா பொழுதுபோக்கா, யாராவது வாங்கிக் கொடுத்ததா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நீங்கள் நிறுத்திப் பார்ப்பது அதைத்தான். அதுவும் கதையில் சேர்ந்ததுதானே.

2016ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் முதல் சீசனைப் பாருங்கள். கதை 1983ல், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு கற்பனை ஊரில் நடக்கிறது. ஜோனதன் பள்ளிக்கூடம் படிக்கும் பையன். அப்பா விட்டுப் போய்விட்டார், அம்மா ஒரு கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தை இழுக்கிறார். அவன் கையில் பென்டாக்ஸ். மிகச் சரியான தேர்வு. பென்டாக்ஸ் கே1000 என்ற மாடல் 1976ல் வந்து 1997 வரை பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் விற்றது. வெளிச்சம் அளக்க மட்டும்தான் அதற்கு பேட்டரி வேண்டும். பேட்டரி செத்தாலும் படம் எடுக்கலாம். விலை குறைவு, அடி தாங்கும். அதனால்தான் அமெரிக்காவில் போட்டோகிராபி படிக்கும் மாணவர்களின் கேமரா என்றே அது பெயர் வாங்கியது. அந்தப் பெயர் முழுவதும் பென்டாக்ஸ் என்ற அடையாளத்தோடு ஒட்டிக்கொண்டு ஜோனதனின் கைக்கு வருகிறது. வசதியான வீட்டுப் பையன் ஒருவன் அந்தக் கேமராவைத் தரையில் போட்டு உடைக்கும்போது நமக்கு வலிக்கிறது, இன்னொன்று வாங்க அந்த வீட்டில் காசு இல்லை என்று தெரிவதால். கடைசி எபிசோடில் கிறிஸ்துமஸ் பரிசாக வேறொரு கேமரா வருவதன் கனமும் அதனால்தான். அவன் கழுத்தில் விலை அதிகமான ஒரு லைக்கா எம்3 தொங்கியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. இவனுக்கு இது எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பதிலேயே உங்களைப் போன்றவர்களுக்கு எபிசோடு முடிந்திருக்கும்.

சரி, டேப்புக்கு வருவோம். கொரியாவில் மறைமுக விளம்பரம் பல காலம் தடை செய்யப்பட்டிருந்தது. கம்பெனிகள் பொருளை இலவசமாகக் கொடுக்கலாம், எபிசோடு முடிவில் நன்றி போடலாம், ஆனால் திரையில் பெயர் தெரியக் கூடாது. அதனால்தான் அந்தக் காலத்துத் தொடர்களில் செல்போன், மடிக்கணினி, கேமரா எல்லாவற்றிலும் டேப்போ ஸ்டிக்கரோ இருக்கும். 2010 ஜனவரியில் இதைச் சட்டப்படி அனுமதித்தார்கள். அதற்கும் அளவு வைத்தார்கள்: தரைவழிச் சேனல்களில் நிகழ்ச்சி நேரத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பொருள் திரையில் நான்கில் ஒரு பங்கை மீறக் கூடாது. இன்றைக்கும் காசு கொடுக்காத கம்பெனியின் பெயரை மூடிவிடும் வழக்கம் போகவில்லை. காசு கொடுத்தவர் இருக்கும்போது கொடுக்காதவரை ஏன் காட்ட வேண்டும் என்ற கணக்கு.

பிரிட்டனில் 2011 பிப்ரவரி 28 முதல்தான் தனியார் சேனல்களுக்கு இந்த அனுமதி. காசு வாங்கி நிகழ்ச்சியில் பொருளைக் காட்டினால் தொடக்கத்திலும் முடிவிலும் விளம்பர இடைவேளை முடிந்து திரும்பும்போதும் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தைத் திரையின் ஓரத்தில் காட்ட வேண்டும். மக்களிடம் வசூலிக்கும் உரிமக் கட்டணத்தில் ஓடும் பிபிசி நிகழ்ச்சிகளுக்கு அந்த அனுமதியும் கிடையாது. அமெரிக்காவில் பெயர் தெரிவதற்குத் தடை இல்லை. காசு வாங்கியிருந்தால் அதை நிகழ்ச்சியில் அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் பார்த்த வித்தியாசத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தச் சட்டங்கள்தான் இருக்கின்றன.

ஆனால் டேப்பைப் பார்த்தவுடனே விளம்பர விவகாரம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தன் லைக்காவின் பளபளக்கும் உலோகப் பகுதிகளைக் கறுப்பு டேப்பால் மூடி வைத்திருந்தார். தெருவில் யார் கண்ணையும் உறுத்தாமல் படம் எடுக்க வேண்டும் என்பதற்காக. செய்திப் படக்காரர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. எனவே கதையில் வருபவர் தெருப் படங்கள் எடுப்பவரா, கலவரத்துக்கு நடுவே போகிறவரா என்று பாருங்கள். அவருடைய கேமராவில் டேப் இருந்தால் அது பாத்திரத்தைத் தெரிந்து செய்ததாகவும் இருக்கலாம். காதல் தொடரில் கல்லூரிப் பெண்ணின் புத்தம்புதிய கேமராவில் நெற்றியில் மட்டும் அளவாக வெட்டி ஒட்டியிருந்தால், அது வேறு கணக்கு.

பெயரை மூடினாலும் உங்களிடம் தப்ப முடியாது என்பது எனக்குத் தெரியும். 1959ல் வந்த நிக்கான் எஃப் கேமராவின் தலையில் இருக்கும் கூரான பிரமிடை எந்த டேப்பும் மறைக்காது. விளையாட்டு மைதானத்தில் வரிசையாக நிற்கும் வெள்ளை லென்ஸ்கள் பெரும்பாலும் கேனன் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். வெயிலில் சூடேறாமல் இருக்கக் கொடுத்த நிறம் அது. உள்ளே இருக்கும் ஃப்ளோரைட் படிக லென்ஸ் சூட்டில் விரிந்தால் ஃபோகஸ் நகர்ந்துவிடும். லென்ஸ் முனையில் சிவப்பு வளையமா (கேனன்) தங்க வளையமா (நிக்கான்) என்பது இன்னொரு துப்பு. 1980ல் நிக்கான் எஃப்3 வந்தபோது இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியார்ஜெட்டோ ஜுஜாரோ கைப்பிடிப் பக்கம் ஒரு சிவப்புக் கோடு போட்டார். அது ஏதோ ஒரு வடிவத்தில் அந்தக் கம்பெனியின் கேமராக்களில் தொடர்ந்துகொண்டே வருகிறது. பெயரை மூடுகிறவர்கள் இந்தச் சிவப்பை மூட மறந்துவிடுவார்கள்.

கேமராவை அடையாளம் காண்பதே ஒரு கதையின் முடிச்சாக இருந்த எபிசோடு ஒன்று உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்தால் இந்த வாரமே பாருங்கள். முடிவைச் சொல்லப்போகிறேன், அதனால் பார்த்துவிட்டு வந்துகூட இந்தப் பத்தியைப் படிக்கலாம். ‘கொலம்போ’ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரில் 1974 அக்டோபரில் ஒளிபரப்பான ‘நெகட்டிவ் ரியாக்‌ஷன்’. டிக் வான் டைக் புகழ்பெற்ற புகைப்படக்காரராக வருகிறார். மனைவியைக் கட்டி வைத்துப் படம் எடுத்து, அதைக் கடத்தல்காரன் அனுப்பிய படம் என்று காட்டி, அவளைக் கொன்று, பழியைச் சிறையிலிருந்து வெளியே வந்த ஒருவன் மேல் போடுகிறார். படத்தில் ஒரு கடிகாரம் தெரியும். எந்த நேரத்தில் எடுத்தது என்பதற்கு அதுதான் சாட்சி. கொலம்போ அந்தப் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, கடிகாரம் காட்டும் நேரத்தில் நீங்கள் சொன்ன சாட்சியம் நிற்கவில்லையே என்கிறார். அசல் படம் தன்னால் தவறுதலாக அழிந்துவிட்டது என்றும் சொல்கிறார். கொலைகாரருக்குக் கோபம் வருகிறது. படம் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது, எடுத்த கேமராவுக்குள்ளேயே நெகட்டிவ் இருக்கும், பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே காவல் நிலையத்து அலமாரியில் வரிசையாக இருக்கும் கேமராக்களில் ஒன்றைச் சட்டென்று எடுக்கிறார். சரியான கேமராதான். அத்தனை கேமராக்களில் அதுதான் என்பது படம் எடுத்தவனுக்கு மட்டும்தானே தெரிந்திருக்க முடியும்?

எனக்கு இந்த முடிவு இவ்வளவு பிடிப்பதற்குக் காரணம் புத்திசாலித்தனம் மட்டும் இல்லை. தொழில் தெரிந்தவனின் கை யோசிக்காமல் தன் கருவியிடம் போகும் என்பதை எழுதியவர் புரிந்துவைத்திருக்கிறார். தவறாக அச்சிட்ட படத்தைச் சகித்துக்கொள்ள முடியாத தொழில் கௌரவம்தான் அவரை மாட்டிவிடுகிறது. ஸ்டுடியோ வைத்திருந்த யாருக்கும் அந்த அவசரம் புரியும்.

பெயரை மறைத்தால் காட்சியே இல்லை என்ற இடங்களும் உண்டு. ‘மேட் மென்’ தொடரின் முதல் சீசன் 2007 அக்டோபரில் முடிந்தது. கடைசி எபிசோடில், கதை நடக்கும் விளம்பர நிறுவனத்துக்குக் கொடாக் கம்பெனிக்காரர்கள் தங்கள் புதிய ஸ்லைடு புரொஜெக்டரோடு வருகிறார்கள். மேலே வட்டத் தட்டில் 80 ஸ்லைடுகள், ஒவ்வொன்றாக விழும். அங்கே வேலை பார்க்கும் கதாநாயகன் டான் டிரேப்பர் தன் சொந்தக் குடும்பத்துப் படங்களைப் போட்டுக் காட்டி அதற்குக் கரோசல் (குடைராட்டினம்) என்று பெயர் வைக்கிறான். உடைந்துகொண்டிருக்கும் குடும்பத்தின் சந்தோஷப் படங்கள் அவை. கரோசல் உண்மையில் விற்பனைக்கு வந்தது 1961ல். கதை நடப்பது 1960 நவம்பரில். விற்பனைக்கு முன்பே விளம்பரம் யோசிப்பார்கள் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு உறுத்தவே இல்லை. நிஜத்தில் கொடாக்கின் விளம்பரங்களைச் செய்தது ஜே. வால்டர் தாம்சன் நிறுவனம். அதையும் கதைக்காக விட்டுக்கொடுக்கலாம். இதே காட்சியில் பெயரில்லாத ஏதோ ஒரு பெட்டியை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2004 வரை விற்று, அமெரிக்க வீட்டுக் கூடங்களில் இருந்த ஒரு பொருளின் நினைவு அந்தக் காட்சிக்குள் வந்திருக்காது.

வருடத் தவறுகளைப் பற்றி உங்களை விட நான் கொஞ்சம் தாராளம். ஒன்றிரண்டு வருடம் முன்பின் இருந்தால் விட்டுவிடுவேன். எனக்குத் தாங்காதது கை. கம்பெனி சரி, மாடல் சரி, வருடமும் சரி, ஆனால் நடிகர் அதை ஒரு நாள்கூடப் பழகவில்லை என்றால் எல்லாம் போயிற்று. வீணை வாசிப்பதாக நடிப்பவரின் விரல் பாட்டுக்கு ஒரு பக்கம் போவதைப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. லென்ஸை அடியிலிருந்து தாங்க வேண்டிய இடது கை மேலிருந்து பிடித்திருக்கும். கையால் ரோலைச் சுற்ற வேண்டிய கேமராவில் லீவரையே தொடாமல் ஐந்தாறு படம் எடுப்பார்கள். மோட்டாரே இல்லாத அந்தக் கேமராவுக்கு மோட்டார் ஓடும் சத்தத்தைப் பின்னால் சேர்த்திருப்பார்கள். 36 படம் பிடிக்கும் ரோலில் காட்சி முழுக்க எடுத்துத் தள்ளுவார்கள்.

1940களின் கதை என்றால் பத்திரிகைப் படக்காரர்களைக் கவனியுங்கள். கையில் ஸ்பீட் கிராஃபிக் என்ற பெரிய கேமரா, பக்கத்தில் வெள்ளிக் கிண்ணம் மாதிரி பிளாஷ். அந்த பல்பு ஒரு முறைதான் எரியும். எரிந்ததும் சூடான பல்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பையிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்ட வேண்டும். படமும் ரோல் இல்லை, 4க்கு 5 அங்குலத் தனித் தாள். ஒரு ஹோல்டரில் முன்னும் பின்னுமாக இரண்டு. ஒன்று எடுத்ததும் தடுப்புத் தகட்டைப் போட்டு, ஹோல்டரை உருவித் திருப்பிச் செருக வேண்டும். நீதிமன்ற வாசலில் ஒரே ஆள் கையிலிருந்து பட் பட்டென்று நாலு பிளாஷ் வந்தால் அந்தக் குழுவில் யாருக்கும் அந்தக் கேமரா தெரியாது என்று அர்த்தம். ஒருவர் பல்பைக் கழற்றும்போது பக்கத்து ஆளின் பிளாஷ் எரிந்தால், அந்தக் காட்சியை எடுத்தவருக்கு மனதுக்குள் ஒரு வணக்கம் வையுங்கள்.

ரோலிஃபிளெக்ஸ் என்ற, மேலிருந்து பார்க்கும் கேமரா வந்தால் நடிகர் குனிந்து பார்க்கிறாரா என்று பாருங்கள். நம் ஊர் ஸ்டுடியோக்களில் இருந்த யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவும் அதே இனம்தான், அதனால் இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே தெரியும் பிம்பம் இடம் வலமாக மாறியிருக்கும். நகரும் ஆளைப் பின்தொடரப் புதியவர் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பித் தடுமாறுவார், பழகியவர் தடுமாற மாட்டார். நடிப்பதற்கு எவ்வளவு நல்ல இடம் அது! பயன்படுத்திக்கொள்பவர்கள் குறைவு.

உளவுத் தொடர்கள் பார்ப்பீர்களா தெரியவில்லை. அவற்றில் மினாக்ஸ் என்ற குட்டிக் கேமரா அடிக்கடி வரும். வால்டர் ஸாப் வடிவமைத்து 1930களின் கடைசியில் லாத்வியாவின் ரீகா நகரத்தில் தயாரானது. நெகட்டிவ் 8க்கு 11 மில்லிமீட்டர்தான். 1985ல் கைதான அமெரிக்கக் கடற்படை உளவாளி ஜான் வாக்கர் ரகசியக் காகிதங்களை எடுத்தது இதில்தான். இதில் படம் நகர லீவர் கிடையாது; உடலை இழுத்துத் திறந்து மூடினால் அடுத்த படத்துக்குத் தயார். கூடவே மணிகள் கோத்த ஒரு சங்கிலி வரும். காகிதத்துக்கும் லென்ஸுக்கும் இடையிலான தூரத்தை அந்தச் சங்கிலியை நீட்டித்தான் அளப்பார்கள், இல்லாவிட்டால் எழுத்து கலங்கிவிடும். பெரும்பாலான தொடர்களில் சங்கிலியையே கழற்றிவிட்டு, அந்தரத்தில் பிடித்து கிளிக் செய்கிறார்கள். சங்கிலியை மேசை வரை நீட்டி அளந்து, ஒவ்வொரு படத்துக்கும் உடலை இழுத்து மூடும் நடிகரைப் பார்த்தால் எந்தத் தொடர், எந்த எபிசோடு என்று எனக்கு எழுதுங்கள். நானும் பார்க்கிறேன்.

அன்புடன்.