தொலைபேசிக்கு வராத பேத்தி

ஐயா,

என் மகள் சென்ற வருடம் இரண்டு வருட ஒப்பந்தத்தில் குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் போனாள். பேத்திக்கு அப்போது ஐந்து வயது. அழுவாள் என்று அஞ்சி, அவள் தூங்கும்போதே மகளை வழியனுப்பிவிட்டு, அம்மா கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னோம். முதலில் ஓயாமல் அழுதாள். இப்போது அழுவதில்லை, ஆனால் வாட்ஸ்அப்பில் தாய் அழைத்தால் ஓடி ஒளிகிறாள், இரவில் பாயை நனைக்கிறாள். தாயை மறந்துவிட்டாளா?

ஓர் அம்மம்மா, மட்டக்களப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

மறக்கவில்லை. தாயைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்த சிறு பிள்ளைகளை இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜான் பௌல்பி என்ற ஆய்வாளர்கள் 1950களில் கவனித்து எழுதியபோது, அழுது அடம்பிடிப்பது, சோர்ந்து அடங்குவது, கடைசியில் தாயே வந்து நின்றாலும் முகம் திருப்புவது என்று மூன்று நிலைகளைக் குறித்தார்கள். அழுகை நின்றதும் பிள்ளை பழகிவிட்டாள் என்று நாம் நிம்மதியடைவது பெரும்பாலும் அந்த இரண்டாம் நிலையில்தான்.

கடைக்குப் போன அம்மா வரவேயில்லை என்பதுதான் அவள் அறிந்த கதை. நீங்கள் சந்தைக்குப் புறப்பட்டாலும் அவள் சேலையைப் பிடித்துக்கொள்கிறாளா என்று பாருங்கள். இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள்: அம்மா வேலைக்காகத் தூர நாட்டில் இருக்கிறாள், இன்ன தைப்பொங்கலுக்குப் பிறகு வருவாள், நீ குழப்படி செய்ததால் போகவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைப் பல முறை சொல்ல வேண்டியிருக்கும். பாய் நனைவதற்குத் திட்டாதீர்கள்.

குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணி பிந்தியது. வேலை முடிந்து உங்கள் மகள் இரவு பத்து மணிக்கு அழைத்தால் இங்கே பன்னிரண்டரை. தூக்கத்தில் எழுப்பி முகத்துக்கு நேரே தொலைபேசியை நீட்டினால் எந்தப் பிள்ளையும் ஓடத்தான் செய்யும். அதற்குப் பதிலாக, மகள் ஒரு சிறு கதையையோ அன்று சமைத்ததையோ குரல்பதிவாக அனுப்பட்டும். படுக்கும் முன் போட்டுக் காட்டுங்கள், பதில் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள்.

2013இல் இலங்கை அரசு கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கை, பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று வெளிநாட்டு வேலைக்குப் போகும் தாயிடம் மட்டும் கேட்டது. வெளிநாடு போகும் தந்தையிடம் கேட்கவில்லை. ஆகவே குற்றவுணர்வை உங்கள் மகள் ஒருத்தியின் தலையில் ஏற்றாதீர்கள்.

அவள் திரும்பும் நாளில் பேத்தி உங்கள் பின்னால் ஒளியக்கூடும். கட்டிப்பிடிக்கச் சொல்லித் தள்ளாமல், சில வாரங்களுக்கு ஊட்டுவதையும் குளிப்பாட்டுவதையும் நீங்கள் இருவரும் சேர்ந்தே செய்யுங்கள். இதை மகளுக்கு இப்போதே சொல்லிவைப்பது நல்லது.