சிடி ஸ்கேன் படம் ஏன் சாதாரண போட்டோ போலத் திறப்பதில்லை? ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இதில் எப்படி உதவும்?

ஸ்கேன் படங்கள் பெரும்பாலும் டைகாம் என்ற வடிவத்தில் இருக்கும். முகவரி எழுதிய உறைக்குள் கடிதம் போல, படத்தோடு நோயாளியின் பெயர், தேதி, வெட்டின் (உடலைக் குறுக்காக மெல்லியதாக அறுத்துப் பார்ப்பது போன்ற ஒவ்வொரு படத்தின்) தடிமன் எல்லாம் ஒரே கோப்பில். அதுகூடப் பரவாயில்லை, படமே உண்மையில் அளவீடுதான்: ஒவ்வொரு புள்ளியும் அந்த இடம் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் எண். காற்று -1000, தண்ணீர் 0, கெட்டியான எலும்பு 1000ஐயும் தாண்டும். இத்தனை சாயல்களைக் கண்ணால் பிரிக்க முடியாது. நுரையீரலுக்கு ஒரு வரம்பு, எலும்புக்கு வேறொன்று என மாற்றிப் பார்க்க வேண்டும். சாதாரண போட்டோ செயலிக்கு அது தெரியாது.

3டி ஸ்லைசர் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இந்த வெட்டுகளை அடுக்கி முப்பரிமாணமாக்கும். ஆர்த்தாங்க் என்பதும் ஓப்பன் சோர்ஸ்தான், படங்களைச் சேமித்து அனுப்பும் சர்வர். மூல நிரல் திறந்திருப்பதால் கணக்கு எப்படி நடக்கிறது என்று யாரும் சரிபார்க்கலாம்.

அப்புறம், ஓப்பன் சோர்ஸ் என்றால் நோயாளியின் படமும் பொதுவில் வந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். திறந்திருப்பது நிரல் மட்டும்தான், படங்கள் அல்ல.