ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது

அன்புள்ள ஐயா,

நான் நிரல் எழுதத் தொடங்கி ஓராண்டு நிறைவடைகிறது. தொடங்கிய சில வாரங்களிலேயே திறமூலம் என்று ஓர் உலகம் இருப்பதை அறிந்தேன். உலகமே பயன்படுத்தும் மென்பொருளின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. இன்று ஏழு டெலிகிராம், டிஸ்கார்ட் குழுக்களில் இருக்கிறேன். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் மீட்அப்புகளுக்குப் போகிறேன். அங்கே கொடுத்த ஸ்டிக்கர்கள் என் மடிக்கணினியின் மூடியை நிறைத்துவிட்டன. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில், பங்களித்த நாட்களைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் விடுபடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் புல் ரிக்வெஸ்டாக (என் திருத்தத்தை ஏற்கும்படி கேட்கும் விண்ணப்பமாக), ஒரு பெரிய திட்டத்தின் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு வாக்கியத்தைச் செம்மைப்படுத்தி அனுப்பினேன். ஒரு சொல்லும் சொல்லாமல் மூடிவிட்டார்கள். அதன்பின் சில நாட்கள் கணினியைத் திறக்கவே மனம் வரவில்லை. குழுவில் இதைக் கேட்டதற்கு ஒருவர் ‘முதலில் ஆவணத்தைப் படி’ என்றார். மற்றவர்கள் சிரிப்பு இமோஜி போட்டார்கள். லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் 1991இல் ‘வெறும் பொழுதுபோக்கு’ என்று சொல்லித்தானே தொடங்கினார்? அவருக்குக் கிடைத்த வரவேற்பு இன்று தொடங்குபவனுக்கு ஏன் கிடைப்பதில்லை?

எந்த மொழியில், எந்தத் திட்டத்தில் பங்களிக்கலாம் என்று சொல்லுங்கள். இதெல்லாம் வேலை கிடைக்க உதவுமா? என்னைப் போன்றவர்களுக்கு இந்தச் சமூகங்களில் உண்மையிலேயே இடம் உண்டா? அடுத்த மாதம் ஒரு மீட்அப்பில் ஐந்து நிமிடம் பேச அழைத்திருக்கிறார்கள். ஓராண்டு அனுபவத்தை வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்றும் தெரியவில்லை.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

எந்த மொழியைக் கற்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சில காலமாக நான் யோசித்துக்கொண்டிருக்கும் விஷயத்தோடு அது ஒட்டியிருப்பதால் எழுதுகிறேன். குழுக்கள், மீட்அப்புகள், ஸ்டிக்கர்கள், பச்சைக் கட்டங்கள் எல்லாம் கடிதத்தில் இருக்கின்றன. நீங்கள் அன்றாடம் பயன்படுத்துகிற, உங்களுக்குப் பிடித்துப்போன அல்லது எரிச்சலூட்டுகிற ஒரு மென்பொருளின் பெயர் இல்லை. நீங்கள் திருத்தம் அனுப்பிய திட்டம்கூட வெறும் ‘ஒரு பெரிய திட்டம்’தான். லினக்ஸ் வருகிறது, அதுவும் பழங்கதையாக. ஒருவர் ஓராண்டாகத் திறமூலத்தின் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, உள்ளே காலெடுத்து வைக்காமலேயே களைத்துப்போயிருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எளிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். வேலைக்கு உதவுமா என்றால், சில இடங்களில் உதவும், பல இடங்களில் யாரும் கேட்கவே மாட்டார்கள். இதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. எந்த மொழி என்றால், நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் எதில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்த மொழி. பச்சைக் கட்டங்களை இன்றே மறந்துவிடுங்கள். குழுவில் சிரித்தவர்களையும் விட்டுத்தள்ளுங்கள். தெரியாததைக் கேட்பவரைப் பார்த்துச் சிரிப்பவர், அநேகமாக, அண்மையில்தான் அதைத் தெரிந்துகொண்டவராக இருப்பார்.

மூடப்பட்ட அந்தப் புல் ரிக்வெஸ்டுக்கு வருகிறேன். அது வலித்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. முகம் தெரியாத ஒருவருக்கு நம் கையால் செய்ததை நீட்டும்போது, அது எவ்வளவு சிறியதானாலும், கூச்சமும் நம்பிக்கையும் கலந்த ஒரு மனநிலையில்தான் நீட்டுகிறோம். ‘நன்றி, இது எங்களுக்குத் தேவைப்படாது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் உங்களுக்கு அந்த நாட்கள் வீணாகியிருக்காது. அவர்கள் எழுதியிருக்க வேண்டும். ஆனால் மறுபக்கத்தில் இருப்பவரின் திரையையும் சற்றுக் கற்பனை செய்யுங்கள். அக்டோபர் மாதத்தில் திறமூலத் திட்டங்களுக்குப் பங்களிக்கிறவர்களுக்கு டி-ஷர்ட் தந்துவந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வு 2014இல் தொடங்கியது. 2020இல் அது எல்லை மீறிப்போயிற்று. ரீட்மீ கோப்பில் ‘அருமையான திட்டம்’ என்ற பாணியில் ஒரு சொல்லைச் செருகி அனுப்பும் வெற்றுத் திருத்தங்கள் திட்டங்களுக்குள் வந்து குவிந்தன. சம்மதம் தெரிவிக்கும் திட்டங்கள் மட்டுமே இனிக் கணக்கில் வரும் என்று அமைப்பாளர்கள் அந்த மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்ற நேர்ந்தது. அப்படியொரு வெள்ளத்தைப் பார்த்த, திட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளருக்கு, முன்பின் அறியாத ஒருவர் ரீட்மீயில் செய்யும் திருத்தம் எப்படித் தோன்றும்? உங்கள் திருத்தம் உண்மையாகவே நல்ல திருத்தமாக இருந்திருக்கலாம். அது ஏன் தேவை என்று அதில் எங்கேயாவது எழுதியிருந்தீர்களா என்பதுதான் என் கேள்வி.

டோர்வால்ட்ஸுக்குக் கிடைத்த வரவேற்பு என்கிறீர்கள். 1991 ஆகஸ்ட் 25 அன்று அவர் எழுதிய அறிவிப்பில் ‘பொழுதுபோக்கு’ என்று வருவதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே அறிவிப்பில், அப்போதிருந்த மினிக்ஸ் என்ற இயங்குதளத்தில் உங்களுக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று அவர் கேட்டிருப்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை. அவர் மினிக்ஸைப் பயன்படுத்தியவர். கேட்டதும் மினிக்ஸைப் பயன்படுத்துகிறவர்களிடம். வரவேற்பும் பூமாரி அன்று. 1992 ஜனவரியில், மினிக்ஸை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், லினக்ஸ் காலாவதியானது என்று தலைப்பிட்டே எழுதினார். அந்த விவாதத்தை இன்றும் முழுமையாக வாசிக்கலாம்.

நான் சொல்ல விரும்புவது இந்த இடத்தில்தான் இருக்கிறது: அதை இன்றும் வாசிக்க முடிகிறது என்பதில். நிரலைப் பார்க்க முடிகிறது என்பது உங்களை வியக்க வைத்திருக்கிறது. எந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் அந்த நிறுவனத்தின் நிரலை உங்களுக்குக் காட்டத்தான் போகிறார்கள். அங்கே கிடைக்காதது, ஒரு வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்ற காரணம். எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். முடிவெடுத்த கூட்டத்தில் யாரும் குறிப்பெடுத்திருக்க மாட்டார்கள். ‘அதைத் தொடாதே, உடைந்துவிடும்’ என்ற எச்சரிக்கை மட்டும் வாய்மொழியாக மிஞ்சியிருக்கும். நன்றாக நடக்கும் ஒரு திறமூலத் திட்டத்தில் காரணங்களும் திறந்து கிடக்கின்றன: ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதப்படும் கமிட் செய்திகளில், மூடப்பட்ட இஷ்யூக்களில் (புகார்ப் பதிவுகளில்), ஏற்கப்படாமல் போன திருத்தங்களின் கீழே நடந்த வாக்குவாதங்களில். இவ்வளவையும் விலையின்றி வைத்திருக்கிறார்கள். தொடங்குபவர்களோ அங்கே போய் புதியவர்களுக்கு ஏற்ற எளிய வேலை என்று சொல்லும் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ முத்திரையை மட்டும் தேடுகிறார்கள்.

எனக்கு இது புரிந்த விதத்தைச் சொல்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சிடும் எழுத்துத் திரையில், அட்டவணைகளை வரைந்து காட்டும் ஒரு சிறிய கருவியை வெகுகாலம் பயன்படுத்திவந்தேன். பெயர்ப் பட்டியல் தமிழில் இருந்தால் அட்டவணையின் செங்குத்துக் கோடுகள் வரிசைக்கு வரிசை விலகி நிற்கும். ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று புகார் அனுப்பினேன். பராமரிப்பாளரிடமிருந்து கேள்விகளாகவே பதில் வந்தது. எந்தப் பதிப்பு, எந்த டெர்மினல், எந்த எழுத்துரு? முழுப் பட்டியல் வேண்டாம், கோடு விலகும் மிகச் சிறிய எடுத்துக்காட்டு என்ன? பட்டியலைக் குறைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ‘க்’ என்ற ஒற்றை எழுத்து மட்டும் மிஞ்சியது. நம் கண்ணுக்கு அது ஓரெழுத்து. எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யூனிகோடு முறையில் ககரமும் புள்ளியுமாக இரண்டு குறியெண்கள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆறு பைட்டுகள். அந்தக் கருவி அதற்கு இரண்டு கட்ட அகலத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தது.

அகலத்தைக் கணக்கிடும் வரியைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், எப்போது மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையைக் கொடுத்து அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தேன். முதலில் அது பைட்டுகளை எண்ணியிருக்கிறது. ஐரோப்பிய மொழிக்காரர் ஒருவர் தன் ஊர்ப்பெயர் கோணலாக வருகிறது என்று முறையிட்ட பிறகு, குறியெண்களை எண்ணத் தொடங்கியிருக்கிறது. பின்னர் ஜப்பானிய எழுத்துகள் இரண்டு கட்டங்களைப் பிடிக்கும் என்பதற்காக ஒரு விதிவிலக்குச் சேர்ந்திருக்கிறது. எழுத்துகளை முழுமையாகப் பகுத்து எண்ணலாமே என்று ஒருவர் முன்பே கேட்டிருந்தார்; ஒரே எழுத்தை வெவ்வேறு டெர்மினல்கள் வெவ்வேறு அகலத்தில் வரைகின்றன, ஆகவே எல்லோருக்கும் சரியான விடை என்று ஒன்று இல்லை என்று பராமரிப்பாளர் பொறுமையாக விளக்கி மறுத்திருந்தார். எனக்கு முன் வந்த பயனர்களின் எரிச்சல்கள் அந்த ஒரே வரியில் அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. அதை வாசிக்காமல் திருத்தம் அனுப்பியிருந்தால், பழைய வாதத்தையே அவர் மறுபடியும் நடத்த வேண்டியிருந்திருக்கும். அல்லது, உங்களுக்கு நடந்ததைப் போல, பேசாமல் மூடியிருப்பார்.

எனவே அகலமற்ற குறிகளுக்குச் சுழியம் என்று மட்டும் கொள்ளும் ஒரு சிறிய திருத்தத்தை அனுப்பினேன். நிரலில் அவர் கை வைக்கவில்லை. கமிட் செய்தியைத் திருப்பி அனுப்பினார். ‘எதை மாற்றினீர்கள் என்பது எனக்குத் தெரிகிறது, கீழே இருக்கிறது. ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்.’ திரும்ப எழுதினேன், எந்த டெர்மினல்களில் சோதித்தேன் என்று கேட்டார், அதையும் எழுதினேன். கடைசியில் செய்தி நிரலைவிடப் பல மடங்கு நீண்டிருந்தது. அவர் யார், எந்த வயதினர், எந்த நாட்டவர் என்று எனக்கு இன்றும் தெரியாது. என்னிடம் அவ்வளவு கண்டிப்பாகவும் அவ்வளவு கவனத்தோடும் நடந்துகொண்ட ஆசிரியர்கள் மிகச் சிலரே.

இது அவர் ஒருவரின் பிடிவாதம் அன்று. லினக்ஸின் மையப் பகுதியான கருவுக்கு (கெர்னலுக்கு) திருத்தம் அனுப்புவது எப்படி என்று விளக்கும் ஆவணம் ஒன்று அந்த நிரலோடு சேர்ந்தே வருகிறது. திருத்தம் ஒற்றை வரியானாலும் ஐயாயிரம் வரிகளானாலும் அதைச் செய்யத் தூண்டிய ஒரு சிக்கல் இருந்திருக்க வேண்டும், முதலில் அந்தச் சிக்கலை விவரி என்கிறது அது. இதையெல்லாம் வாசிக்காமல் ‘எந்தத் திட்டத்தில் பங்களிக்கலாம்’ என்று கேட்பது, என்ன நோய் என்று சொல்லாமல் மருந்து கேட்பதைப் போன்றது. உங்களிடம் இன்னும் ஒரு சிக்கல்கூட இல்லை, எஸ்.!

காரணங்கள் பொய்யாகவும் இருக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தரவைச் சுருக்கும் எக்ஸ்இஸட் என்ற கருவியில், கணினிக்குள் ரகசியமாக நுழைய வழிசெய்யும் பின்கதவு ஒன்று வைக்கப்பட்டது 2024 மார்ச் 29 அன்று வெளியே தெரிந்தது. ஜியா டான் என்ற பெயரில் இயங்கியவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உதவிகரமான பங்களிப்பாளராக நடந்து நம்பிக்கையைச் சம்பாதித்திருந்தார். அந்தக் காலத்தில் வேறு சில பெயர்கள் வந்து, வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை இன்னொருவரிடம் கொடு என்று தனி ஆளாக இருந்த பராமரிப்பாளரை நெருக்கின. இது ஊதியமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று அவர் நினைவூட்டிப் பார்த்தார். பின்கதவின் பகுதிகள் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தன. அவற்றை மாற்றிய கமிட் செய்தியில், இந்தக் கோப்புகளைப் பின்னர் மீண்டும் உருவாக்க வசதியாக மாற்றுகிறேன் என்று மிக ஒழுங்கான ஒரு காரணம் எழுதப்பட்டிருந்தது. அதை இயக்கும் துண்டோ எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது.

கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் எக்ஸ்இஸட் திட்டத்தைச் சேர்ந்தவரல்லர். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். தன் அளவீடுகளுக்காகக் கணினியை அமைதிப்படுத்த முயன்றபோது, தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியாக நுழைவது வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். சில வாரங்களுக்கு முன் சோதனை ஒன்றில் பார்த்த விநோதமான பிழைச்செய்தியும் அவருக்கு நினைவுக்கு வந்தது. ஏன் என்று தோண்டிக்கொண்டே போனார். ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்று யாரும் அதற்கு முத்திரை குத்தி வைத்திருக்கவில்லை.

உங்களைப் போன்றவர்களுக்கு இடம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு; பராமரிப்பாளர்கள் தனித்துக் கிடக்கும் இடங்களில் நிறையவே உண்டு. ஏழு குழுக்களில் ஆறை விட்டு விலகுங்கள். மீட்அப்புகளுக்குப் போங்கள், அங்கே நல்ல நண்பர்கள் கிடைப்பார்கள், ஆனால் நண்பர்கள் கிடைப்பதையும் பங்களிப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் திறமூலத்தில் நுழைவது எப்படி என்று பேச வேண்டாம். அந்தத் தலைப்பில் பேசுகிறவர்களில் பலர் இன்னும் நுழையாதவர்கள். பேசும் நாளுக்குள், நீங்கள் பயன்படுத்தும் ஏதாவதொரு கருவியிலிருந்து உங்களுக்குப் புரியாத ஒரு வரியை எடுத்து, கிட் பிளேமில் தொடங்கி அதன் அடிவரை போய்ப் பாருங்கள். மேடையில் அந்த வரியை மட்டும் திரையில் வையுங்கள். யார் கேட்டதால் அது வந்தது, யார் மறுத்தார்கள், என்ன சொல்லி மறுத்தார்கள் என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதாது என்பதை அங்கே தெரிந்துகொள்வீர்கள். ஆகவே உங்களைப் பற்றிய அறிமுக ஸ்லைடு வேண்டாம்.

அன்புடன்.