மரத்துப்போகிறதா? சைக்கிள் சீட்டைப் பாருங்கள்

முழங்காலில் சடக் சத்தம், மேல்மூச்சு, இதயத் துடிப்பு 150 என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள்: சைக்கிளில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்கப் பழகியதிலிருந்து 'அந்த இடம்' மரத்துப்போகிறது, 46 வயதிலேயே ஆண்மை போய்விடுமா என்று. என்னிடம் நேரில் வருகிறவர்களும் எழுந்து கதவைத் திறந்த பிறகுதான், "அப்புறம் டாக்டர்..." என்று இதை ஆரம்பிப்பார்கள்.

இணையத்தில் படித்துப் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. உட்காரும் எலும்புகளுக்கு நடுவே போகிற நரம்பையும் ரத்தக் குழாயையும் சீட் அழுத்துகிறது. அழுத்தம் போனால் பெரும்பாலும் சரியாகிவிடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய நரம்பு மாத்திரை சீட்டை நகர்த்துமா? நிறுத்துங்கள்.

வேகமாக மிதித்தால் சீட்டில் துள்ளுகிறேன் என்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. சீட் உயரமாக இருந்தால் கால் எட்டாமல் இடுப்பு இரு பக்கமும் ஆடும். ஒரு சுற்றுக்கு இரண்டு தேய்ப்பு, நிமிடத்துக்கு 180. சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி ஏறி உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். இடுப்பு சரியாமல் கால் நேராக நீள வேண்டும். எட்டவில்லையென்றால் அரை சென்டிமீட்டராக இறக்கிப் பாருங்கள். சீட்டின் முன்முனை மேலே தூக்கியிருந்தால் மட்டமாக்குங்கள். சீட்டின் மேல் போட்டிருக்கும் அந்த மெத்தென்ற ஜெல் உறையையும் கழற்றுங்கள்; எலும்பு அதில் புதையும்போது நடுப்பகுதி பிதுங்கி இன்னும் அழுத்தும்.

பெடல் அடிக்கு வந்த பிறகும் கீழே அழுத்தினால் உடம்பு எழும்பத்தான் செய்யும். அங்கே காலைப் பின்னால் இழுங்கள், வாசலில் செருப்புச் சேற்றைத் தேய்ப்பது போல. லேசான கியரில் 70 சுற்றில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றுங்கள். துள்ளல் வந்தால் ஒரு படி இறங்கி அங்கேயே சில வாரம் பழகுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள்.

வலியில்லாத சடக் சத்தத்தை மறந்துவிடுங்கள். வேகச் சுற்றில் முழங்காலின் பாரம் குறையும், மூச்சும் துடிப்பும் ஏறும். நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ இல்லாதவரை சரி.

இறங்கிய சில நிமிடத்தில் உணர்வு திரும்பிவிட்டால், சீட்டைத் திருத்தினால் போதும். மறுநாள் காலையிலும் மரப்பு இருந்தாலோ, விறைப்பு முன்போல் இல்லையென்றாலோ சைக்கிளை ஓரம்கட்டிவிட்டு யூராலஜி மருத்துவரைப் பாருங்கள். மரப்போடு சிறுநீர் வராமல் போனாலோ, கால் பலமிழந்தாலோ, அது சீட் விவகாரமே இல்லை. முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம். இரவு இரண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.