கோட்டைத் தாண்டும் இசை

கேள்வி: என் மகள் பள்ளி பேண்டில் மெலஃபோன் என்ற பித்தளை வாத்தியம் வாசிக்கிறாள். வரும் வருடங்களில் டிரம் கோர் குழு ஒன்றில் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். வீட்டில் எந்நேரமும் பழைய ஷோ வீடியோக்கள்தான். கேட்டுக் கேட்டு எனக்கும் பிடித்துப்போய்விட்டது. டிரம் கோர் ஷோக்களின் நிறைவுப் பாடல்களில் உங்களுக்குப் பிடித்த டாப் 5 எவை?
(வாசகி ஒருவர், கொலம்பஸ், ஒஹாயோ)

பதில்: முதலில் அந்தப் 'பாடல்' என்ற சொல்லை இறக்கி வையுங்கள் அம்மா. நம் ஊரில் காதில் எது விழுந்தாலும் பாட்டுதான். ஒரு கல்யாணத்தில் நாயனக்காரர் கால் மணி நேரம் தோடி வாசித்து முடித்தார். பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து போய், "இது என்ன பாட்டுங்க?" என்றார். "தோடிங்க" என்று பதில் வந்தது. "எந்தப் படம்?" என்றார் இவர். நாயனக்காரர் கோபப்படவில்லை. சீவாளியைத் துடைத்தபடி, "படம் இன்னும் வரலீங்க" என்றார். இதை நான் பல பேரிடம் சொல்லியாகிவிட்டது, சிரிக்காதவர் இல்லை.

அந்த நாயனக்காரர்களிடமே ஒரு நல்ல சொல் இருக்கிறது: உருப்படி. கீர்த்தனையும் உருப்படி, மல்லாரியும் உருப்படி. வார்த்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓர் உரு. உங்கள் மகள் வாசிக்கப் போவதும் அதுதான். பித்தளை வாத்தியங்கள், தாள வாத்தியங்கள், கொடியும் மரத் துப்பாக்கியும் சுழற்றும் கலர் கார்டு: இவற்றோடு கால்பந்து மைதானத்தில் அணிவகுத்து வாசித்துப் போட்டியிடும் இளைஞர் குழுதான் டிரம் கோர், இவ்வளவுதான். புல்லாங்குழல், கிளாரினெட் எதற்கும் இடமில்லை. மொத்த ஷோவும் சுமார் 12 நிமிடம். அதில் பாட்டுக்கு என்ன வேலை?

ஒரு வேலையும் இல்லாமல்தான் இருந்தது, 2004 வரை. அந்த வருடம் ஒலிபெருக்கியை அனுமதித்தார்கள். 2009இல் மின்னணு வாத்தியங்களும் வந்தன. அப்புறம் பாட்டு வந்தது, பேச்சு வந்தது, சிந்தசைஸரின் அடிநாதம் வந்து டூபாக்களை மூடியது. இதே பக்கத்தில் முன்பு இதை எழுதியபோது கோபமாகக் கடிதங்கள் வந்தன. 'காலத்தோடு ஓடுங்கள்' என்றார்கள். என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. கால்பந்து மைதானத்தின் கடைசி வரிசை வரைக்கும் வெறும் மூச்சைக்கொண்டு ஒலியைச் சேர்ப்பதுதான் இந்தக் கலையின் உயிர். அதை ஸ்பீக்கரிடம் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் கோடை முழுக்க வெயிலில் காய்வது எதற்கு?

சரி, 'நிறைவு' என்றீர்களே, அதற்கு வருகிறேன். இந்தப் போட்டிகளை நடத்தும் டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பு 1971இல் உருவானது. அடுத்த வருடம் விஸ்கான்சினில் உள்ள வைட்வாட்டரில் முதல் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. அதற்கு முன் பெரிய போட்டிகளை நடத்தியவை அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூ. முதலிய முன்னாள் படைவீரர் சங்கங்கள். அணிவகுப்பு மரபில் வந்தவர்கள் அல்லவா? குழு மைதானத்தின் இடது கோட்டிலிருந்து புறப்பட வேண்டும், நடுவில் நின்று வாசிக்க வேண்டும், வலது பக்கக் கோட்டைத் தாண்டி வெளியேற வேண்டும். கடைசி உருப்படி நிஜமாகவே வெளியே போகும் இசை. வாசித்துக்கொண்டே போய்விடுவார்கள், முதுகுதான் தெரியும். பிறகு அந்த விதி தளர்ந்தது. குழு மைதானத்திலேயே நின்று, கூட்டத்தைப் பார்த்து முடிக்கத் தொடங்கியது. விடைபெறும் முகத்தை அதன் பிறகுதான் ரசிகர்கள் பார்த்தார்கள். எனக்குப் பிடித்தவை எல்லாம் அந்த முகம் தெரிகிற உருப்படிகள்.

ஐந்து கேட்டீர்கள். ஒன்றுதான் தருவேன். மேடிசன் ஸ்கவுட்ஸ், 1988, கான்சஸ் சிட்டி, 'மலகேன்யா'.

கியூபாக்காரரான எர்னஸ்டோ லெக்குவோனா பியானோவுக்காக எழுதியது அது. பில் ஹோல்மன் அதை ஸ்டான் கென்டனின் ஜாஸ் குழுவுக்காக மாற்றி அமைத்தார். டிரம் கோர் உலகம் கென்டனிடமிருந்துதான் அதைப் பிடித்துக்கொண்டது. 1938இல் சாரணர் பையன்களைக்கொண்டு தொடங்கிய மேடிசன் குழு, இந்த உருப்படியோடு முடித்து அந்த வருடம் பட்டம் வென்றது.

அந்த வாசிப்பில் உங்கள் மகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அன்று அவர்கள் கையில் இருந்தவை ஜி சுருதி பியூகிள்கள் என்ற பித்தளை ஊதுகுழல்கள். ஸ்வரத்தை மாற்ற விரலால் அழுத்தும் வால்வு இரண்டே இரண்டு. மூன்றாவது வால்வுக்கு 1990இல்தான் அனுமதி கிடைத்தது, வேறு சுருதி வாத்தியங்களுக்கு 2000இல். வால்வை அழுத்தாமல் உதட்டாலும் மூச்சாலும் மட்டும் எழுப்பக்கூடிய இயற்கை ஸ்வரங்கள் கீழ் ஸ்தாயியில் தள்ளித் தள்ளி இருக்கும், மேலே போகப் போக நெருங்கி வரும். இரண்டு வால்வை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இயற்கை ஸ்வரத்திலிருந்தும் மூன்று அரை ஸ்வரம் வரைக்கும்தான் இறங்கலாம். அதனால் கீழே சில ஸ்வரங்கள் வாத்தியத்திலேயே கிடையாது, மேலே ஏறினால் எல்லாம் கிடைக்கும். இதைத் தெரிந்துகொண்டு அந்த மலகேன்யாவைக் கேளுங்கள். உச்சத்தில் சொப்ரானோக்கள், அதாவது மேல் ஸ்தாயி பியூகிள்கள், அலறும் அலறலில் வெறும் வீரம் மட்டும் இல்லை. வாத்தியம் எங்கே தாராளமாக இருக்கிறதோ அங்கே ஏறி நிற்கிறார்கள். இல்லாததை வைத்துக்கொண்டு முழுதாக வாசித்திருக்கிறார்கள். இன்று மூன்று வால்வும் மைக்கும் இருக்கின்றன. அந்தப் பசி எனக்குக் கேட்கவில்லை.

ஸ்டார் ஆஃப் இண்டியானா குழு 1993க்குப் பிறகு போட்டியை விட்டு மேடைக்குப் போனது. அதிலிருந்து பிறந்த 'பிளாஸ்ட்!' 2001இல் பிராட்வேயில் டோனி விருதே வாங்கியது. அந்த நிகழ்ச்சியும் மலகேன்யாவில்தான் முடியும். நிறைவு உருப்படி என்றால் கை தானாக அங்கே போகிறது.

டாப் 5 போடுவது எனக்குப் பிடிக்காது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். 2008இல் ப்ளூமிங்டனில் நடந்த இறுதிப் போட்டியில் ஃபாண்டம் ரெஜிமென்ட் குழு 98.125 புள்ளி வாங்கியது, ப்ளூ டெவில்ஸ் குழு 98.100. ஒரு புள்ளியில் நாற்பதில் ஒரு பங்கு வித்தியாசம். ஃபாண்டமின் ஷோ, ரோமில் கலகம் செய்த அடிமை ஸ்பார்ட்டகஸின் கதை. இறுதிக் கட்டத்துக்கு முன் குழுவினர் ஒருவர் பின் ஒருவராக "நான்தான் ஸ்பார்ட்டகஸ்" என்று கத்துவார்கள். வீடியோவில் பார்க்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது. அந்தச் சிலிர்ப்புக்கு மூன்றாவது தசம இடத்தில் என்ன வேலை?

சில வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் மாத இறுதிப் போட்டிக்கு இண்டியானாபொலிஸ் போயிருந்தேன். லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துக்குள் போவதற்கு முன், குழுக்கள் பயிற்சி எடுக்கும் திறந்த வெளிக்குக் கூட்டிப் போனார்கள். உள்ளே கேட்டதைவிட அங்கே கேட்டதுதான் மனசில் நிற்கிறது. மெலஃபோன்காரர்கள் அரைவட்டமாக நின்று ஒரே ஒரு நாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விரல்களில் டேப். கழுத்தில் வெயில் போட்ட கோடு. பத்தடி தூரத்தில் நான் நிற்கிறேன், நாதம் எங்கேயும் உடையவில்லை. உற்றுப் பார்த்தேன். ஒரு பெண் மூச்சு எடுக்கும்போது பக்கத்துப் பையன் எடுக்கவில்லை, அவன் எடுக்கும்போது அவள் தாங்கிக்கொண்டாள். யாருக்கும் தெரியாமல் மாற்றி மாற்றி எடுத்தார்கள். ஐந்து கஜத்துக்கு எட்டுக் காலடி, அதாவது ஒரு காலடிக்கு இருபத்திரண்டரை அங்குலம் என்று பத்து நிமிடம் மைதானம் முழுக்க ஓடிய பிறகு, கடைசி நாதத்தில் இதையே செய்ய வேண்டும்.

உள்ளே ஒரு குழு முடித்தபோது கேமரா ஒரு பையன் முகத்தைப் பெரிய திரையில் காட்டியது. வாத்தியம் இன்னும் உதட்டுக்கு நேரே இருக்கிறது. கண்ணீர் தாடை வரைக்கும் வந்துவிட்டது. குழுவை நடத்தும் டிரம் மேஜர் கை காட்டும் வரை வாத்தியத்தை இறக்கக் கூடாது, அதனால் துடைக்கவில்லை. இருபத்திரண்டு வயதோடு இங்கே கதவு மூடிவிடும். அவனுக்கு அது கடைசி ராத்திரியாக இருந்திருக்கும்.

குழுக்களுக்கும் கதவு மூடுகிறது. 1934இல் நியூஜெர்சியின் கார்ஃபீல்டில் தொடங்கி, 1983, 84, 85 என்று தொடர்ந்து மூன்று முறை வென்ற கேடட்ஸ் குழு 2024இல் நின்றுபோனது. அந்தச் செய்தியைப் படித்த அன்று பழைய வீடியோவைப் போட்டு உட்கார்ந்தேன், வேறு வேலை ஓடவில்லை.

பாடல் வேண்டாம் என்று தொடங்கினேன். ஓர் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். மேடிசன் குழுவுக்கு நிஜமாகவே ஒரு பாட்டு உண்டு: 'யூல் நெவர் வாக் அலோன்'. 1945இல் 'கரோசல்' என்ற இசை நாடகத்துக்காக ராட்ஜர்ஸ், ஹேமர்ஸ்டீன் இருவரும் எழுதியது. மைக் கிடையாது, வாத்தியம் கிடையாது. தோளோடு தோள் சேர்ந்து நின்று வெறும் தொண்டையால் பாடுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்டால் போதும்.

மகளுக்குச் சொல்லுங்கள்: தேர்வு முகாம்கள் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். கட்டணம் சில ஆயிரம் டாலர் ஆகும், இப்போதே எடுத்து வையுங்கள். கோடையில் அவள் பள்ளி ஜிம் தரையிலும் ராத்திரிப் பேருந்திலும் தூங்குவாள், பயப்படாதீர்கள். இடம் கிடைத்ததும் அவள் குழுவின் கடைசி உருப்படி எது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.